பங்குனி மழையும் நமது பேரேடும்

மளிகைக் கடையானாலும், அரிசி மண்டியானாலும், எண்ணெய்க் கடையானாலும் ஆண்டுச் சரக்கைக் கட்டுவது பெரும்பாலும் மாசி முதல் சித்திரை வரையுள்ள மூன்று மாதங்களில்தான். புதுப் புளி, புது மிளகாய், புது மல்லி, புது மஞ்சள், நவரை நெல், இறவை நிலக்கடலை எல்லாம் இந்தக் காலத்தில்தான் ஒன்றன் பின் ஒன்றாகச் சந்தைக்கு வருகின்றன. இந்த மூன்று மாதமும் வானம் எப்படி நடந்துகொள்கிறதோ, அதை ஒட்டியே அடுத்த அறுவடை வரை நமது கல்லாப்பெட்டியும் நடந்துகொள்ளும். இது ஆரணி வணிகர் எல்லோரும் அறிந்த உண்மை. ஆனால் அறிந்ததற்கு ஏற்ற ஏற்பாடு சந்தையில் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் விதைப்பு. பனி உருகி, மண் காய்ந்து, நிலத்தில் டிராக்டர் இறங்கும் நேரம் அது. அங்கே அந்த நேரத்தில் மழை மிஞ்சினால் விதைப்பு பத்து நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். நமக்குப் பின்பனியும் இளவேனிலும் அறுவடைக் காலம். ஆண்டு மழையில் பெரும் பங்கை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கி, ஏரியிலும் கிணற்றிலும் சேர்த்து வைத்து, அந்த நீரைக் கொண்டு பயிர் செய்து, பங்குனி சித்திரையில் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். விதைக்கும்போது வரும் மழையால் ஒரு படி விதை போகும். அறுக்கும்போது வரும் மழையால் ஆறு மாத உழைப்பும், அதை நம்பிக் கொடுத்த கடனும் சேர்ந்து போகும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

நவரை நெல் படும் பாடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. இவற்றில் நவரை மார்கழி, தையில் நடவாகிப் பங்குனி, சித்திரையில் அறுவடைக்கு வருகிறது. ஆடுதுறை 37, கோ 51 போன்ற 105, 110 நாள் ரகங்கள்தான் இந்தப் பட்டத்துக்கு ஏற்றவை. சேவூர், முள்ளிப்பட்டு, கண்ணமங்கலம், தேவிகாபுரம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரியும் கிணறும் நிரம்பிய ஆண்டில் நவரை பச்சைப்பசேல் என்று இருக்கும்.

இந்தப் பயிருக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று வெயில், மற்றொன்று மழை.

வெயிலை முதலில் பார்ப்போம். நெல் பூப்பது காலை வேளையில். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறினால் மகரந்தம் செயலிழந்து, கதிரில் பால் பிடிக்காமல் பதராகிவிடும். வயலுக்கு வெளியே நின்று பார்த்தால் கதிர் நீளமாகத்தான் தெரியும், தூற்றும்போதுதான் பதர் பறக்கும். மழை நீண்டு கார்த்திகை வெள்ளம் வடியத் தாமதமானால், நவரை நடவும் இரண்டு வாரம் தள்ளிப் போகிறது. மாசியில் பூக்க வேண்டிய பயிர் பங்குனியில் பூக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நமது மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. கார்த்திகையில் அப்படி ஒரு புயல் வந்தால், அதன் கணக்கு கார்த்திகையோடு முடிவதில்லை. பங்குனி வெயில் வரை அது நீள்கிறது.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணி முற்றும் நாட்களில் இரவிலும் புழுக்கம் குறையாமல் இருந்தால், அரிசியின் நடுவே சுண்ணாம்பு வைத்தது போல் வெண்மை விழும். அந்த அரிசி ஆலையில் எளிதில் உடையும். 2024 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் பக்கத்து வேலூரில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அத்தகைய ஆண்டில் நெல்லை மூட்டைக் கணக்கில் மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. அரைத்தால் எத்தனை கிலோ முழு அரிசி, எத்தனை கிலோ நொய் என்று பார்த்தே விலை பேச வேண்டியிருக்கும். ஆரணி அரிசி என்றால் வெளியூரில் ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு உடையாத அரிசியில்தான் நிற்கிறது.

அடுத்து மழை. முற்றிய கதிர் மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் முளை கட்டிவிடும். குறுகிய வயது ரகங்களில் விதைக்கு உறக்க காலம் குறைவு என்பதால் ஆபத்து கூடுதல். சாயாத பயிரும் தப்புவதில்லை. வெயிலில் காய்ந்து இறுகிய மணி மீண்டும் ஈரத்தைக் குடித்தால் உள்ளே மெல்லிய வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்புதான் ஆலையில் நொய்யாக வெளியே வருகிறது. புழுங்கல் போடும்போது வேக வைப்பதால் வெடிப்பு ஓரளவு மூடிக்கொள்ளும். பச்சரிசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகையால் சித்திரை மழை பிடித்த ஆண்டில் பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் உள்ள விலை இடைவெளி மாறுவதில் வியப்பில்லை.

அறுவடைச் செலவும் கூடுகிறது. ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வர வேண்டும். அதற்கு மணி வாடகை அதிகம். கையால் அறுத்து அரி போட்டுக் காய வைத்த காலம் போய், இயந்திரம் அறுத்த நெல் பச்சை ஈரத்தோடு நேராக மூட்டைக்கு வருகிறது. களம் இல்லாதவர் தார்ச் சாலையில் கொட்டிக் காய வைக்கிறார். வானம் கறுத்தால் குடும்பமே ஓடிவந்து படுதா மூடுகிறது. படுதா கிடைக்காதவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். தள்ளிவிடுகிற அந்த மூட்டை நமது மண்டிக்குத்தான் வருகிறது.

நிலக்கடலையும் வாழையும்

நிலக்கடலை நமது மாவட்டத்தின் பெயர் சொல்லும் பயிர். மார்கழியில் விதைத்த இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் பிடுங்கலுக்கு வருகிறது. பிடுங்குவதற்குச் சற்று முன்னால் மிதமான ஒரு மழை பெய்தால் மண் இளகும், பிடுங்கு கூலி குறையும், காய் அறுந்து மண்ணில் தங்காது. அதே மழை நான்கு நாள் நின்று பெய்தால், குத்துக்கடலை ரகங்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

இதைவிட மோசமானது பிடுங்கிய பிறகு நனைவது. செடியோடு குவித்து வைத்த கடலையில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. வறுத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை, அதாவது ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு அருகில் இறங்கும் வரை, காய வைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். மேலே காய்ந்து நடுவே ஈரமுள்ள மூட்டையைக் கிடங்கில் அடுக்கினால், அது தான் கெடுவதோடு பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். சில்லறையில் விற்கும் நம்மிடம்தான் வாடிக்கையாளர் வந்து கேட்பார். விவசாயியையோ, வானத்தையோ அவர் கேட்க மாட்டார்.

படவேடு, சந்தவாசல் பக்கம் வாழை. ஜவ்வாது மலையடியில் சித்திரை மாலையில் இடியோடு வரும் காற்று அரை மணி நேரம்தான் அடிக்கும். குலை தள்ளிய வாழை அந்த அரை மணியில் சாய்ந்துவிடும். மறுநாள் சந்தையில் பிஞ்சுக் குலை மலிவாகக் கிடைக்கும், ஒரு மாதம் கழித்து நல்ல குலைக்குத் தட்டுப்பாடு வரும். வைகாசி முகூர்த்தங்களுக்கு வாழைக்காயும் இலையும் கொடுப்பதாக முன்பணம் வாங்கியவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்து வானமும் நம் கடைக்கு மேல்தான்

ஆரணியில் வெயில் அடித்தால் மட்டும் நமக்குப் பாதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நமது அலமாரியில் உள்ள டப்பாக்களை வரிசையாகப் பாருங்கள். சீரகம் குஜராத், ராஜஸ்தானிலிருந்து. மல்லி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்திலிருந்து. நீட்டு மிளகாய் குண்டூரிலிருந்து. குண்டு மிளகாய் இராமநாதபுரம் சீமையிலிருந்து. உப்பு தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணத்திலிருந்து. இவை எல்லாமே மாசி, பங்குனியில் களத்திலோ பாத்தியிலோ இருக்கின்றன. களத்தில் கிடக்கும் மிளகாயில் ஒரு மழை விழுந்தால் நிறம் போகும். பழம் உலுக்கும் நேரத்தில் மழை பெய்தால் புளி கறுக்கும். உப்பளத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து, மீண்டும் உப்பு நீர் ஏற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம்.

2022 மார்ச் மாதம் இந்தியாவில் 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பமானது என்று வானிலைத் துறை அறிவித்தது. பஞ்சாப், அரியானாவில் கோதுமை பால் பிடிக்கும் நேரம் அது. மணி சுருங்கியது, விளைச்சல் குறைந்தது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. ஆரணியில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் ஆட்டா, மைதா, ரவை மூன்றுக்கும் நாம்தான் புதுவிலை எழுதி ஒட்டினோம்.

2023 மார்ச், ஏப்ரலில் வடக்கே அறுவடை வேளையில் மழை. கோதுமை மணி மங்கியது. அந்த மழைக்குப் பிறகு விலை ஏறுமுகமாக இருக்க, ஜூன் 12 அன்று கோதுமைக்கு இருப்பு வரம்பு வந்தது. சில்லறைக் கடை ஒன்றுக்கு 10 டன்.

அதே 2023-ல் சீரகம். விதைத்த பரப்பு ஏற்கெனவே குறைவு, அதன் மேல் மார்ச் மழையும் சேர்ந்துகொள்ள, உஞ்சா சந்தையில் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. விலையைப் பார்த்த விவசாயிகள் அடுத்த பட்டத்தில் அதிகப் பரப்பில் விதைத்தார்கள். 2024 மார்ச்சில் புதுச் சரக்கு வந்தபோது விலை பாதிக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கிக் கட்டி வைத்தவர் நிலை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழையால் ஏறிய விலை அடுத்த விதைப்பு வரைதான் நிற்கும் என்பது நாம் எல்லோரும் கல்லாப்பெட்டி மேல் எழுதி ஒட்ட வேண்டிய பாடம்.

பட்டும் விவசாயமே

ஆரணி என்றாலே பட்டு. நமது கடைகளில் மாதச் சாமான் வாங்குவோரில் ஏராளமானோர் தறிக்காரர்கள். பட்டுக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பட்டு நூலும் ஒரு பயிரின் விளைவுதான். மல்பெரி இலை தின்னும் புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரக்காற்றும் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, கர்நாடகப் பக்கம் பங்குனி, சித்திரை வெயில் மிஞ்சினால் இலையில் நீர்ச்சத்து குறையும், புழுவுக்கு நோய் கூடும், கூடு இளைக்கும். ராமநகரம், தருமபுரிச் சந்தைகளில் கூடு வரத்து குறைந்தால் கச்சாப் பட்டு விலை ஏறும். விலை ஏறினால் பாவு கொடுப்பவர்கள் கையைச் சுருக்குவார்கள். பாவு வராத வாரத்தில் தறிக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வாரத்தில் நமது நோட்டில் பற்று எழுதப்படும்.

உள்ளூர் வானமும் தறியைத் தொடுகிறது. வறண்ட வெயிலில் இழை அடிக்கடி அறும். கோடை மழை கொட்டினால் தெருவில் பாவு நீட்டிச் சரிசெய்யும் வேலை நின்றுவிடும், குழித்தறியில் நீர் ஊறும். ஆக, நமது வாடிக்கையாளர் வயலில் நின்றாலும் தறியில் உட்கார்ந்தாலும், பங்குனி வானம்தான் அவர் கையில் பணம் புரள்வதையும் புரளாததையும் தீர்மானிக்கிறது.

ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சித்திரை மழையில் நனைந்த நெல் மண்டிக்கு வருகிறது. அதில் ஈரம் எவ்வளவு? சந்தை வழக்கம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பது, நாலு மணியைக் கடித்துப் பார்ப்பது, பிறகு மூட்டைக்கு இவ்வளவு கிலோ கழிவு என்று வாயால் சொல்வது. அனுபவசாலியின் கையும் பல்லும் பெரிய அளவில் தவறுவதில்லை என்பார்கள். ஆனால் மழை நாளில் பத்து வண்டி வரிசையில் நிற்க, விற்பவர் பதற்றத்தில் இருக்க, வாங்குபவர் ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாமல் இருக்க, கழிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதற்குக் கணக்கு இருக்கிறது. நெல்லைக் கிடங்கில் வைக்கவும் அரைக்கவும் ஏற்ற ஈரம் 14 சதவீதம். அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் வரை ஏற்கிறார்கள். 75 கிலோ மூட்டை ஒன்று 20 சதவீத ஈரத்தோடு வந்தால், அதில் காய்ந்த பொருள் 60 கிலோ. 14 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு அது ஏறத்தாழ 69 கிலோ 750 கிராம் நிற்கும். குறைவது 5¼ கிலோ. இதே முறையில் 17 சதவீத ஈரத்துக்கு 2 கிலோ 600 கிராம், 18 சதவீதத்துக்கு 3½ கிலோ, 22 சதவீதத்துக்கு 7 கிலோ குறையும். இவை 14 சதவீதத்தை அடிப்படையாக வைத்த கணக்கு. விலையே 17 சதவீத ஈரத்துக்குப் பேசியிருந்தால், 17-க்கு மேல் உள்ளதற்கு மட்டுமே கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 20 சதவீத ஈரமுள்ள மூட்டைக்குக் குத்துமதிப்பாக 8 கிலோ கழித்தார்கள் என்று வையுங்கள். நியாயமான கழிவுக்கு மேல் மூட்டைக்கு 2¾ கிலோ போகிறது. ஏக்கருக்கு 30 மூட்டை என்றால் 80 கிலோவுக்கு மேல். கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 1,600 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இது யாருக்கு லாபம்? மேலோட்டமாகப் பார்த்தால் வாங்கியவருக்கு. ஆனால் அந்த 1,600 ரூபாய், விவசாயி வீட்டில் மளிகைக்கும் துணிக்கும் உரக் கடைப் பாக்கிக்கும் என்று ஒதுக்கிய பணம். மண்டியில் அது குறைந்தால், பேரேட்டில் வாராக்கடனாக நிற்கப்போவது கடைத்தெருவில்தான். ஒரு கடைக்காரர் கழித்ததை இன்னொரு கடைக்காரர் இழக்கிறார். ஒரே சங்கத்தின் இரண்டு உறுப்பினர்களுக்குள் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் விவசாயி வெறும் வழிப்பாதை.

மறுபக்கமும் உண்டு. குறைவாகக் கழித்து, ஈர நெல்லை நல்ல நெல் என்று அடுக்கிவிட்டால், குவியலுக்குள் சூடேறி, அரிசி பழுத்து மஞ்சளாகி, நாற்றமும் பிடிக்கும். அந்த நஷ்டம் முழுக்க வணிகருக்கே. ஆகவே அளந்து கழிப்பது விவசாயிக்குச் செய்யும் தர்மம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். அது நமக்கே பாதுகாப்பு.

2023-ல் வடக்கே கோதுமை மங்கியபோது மத்திய அரசு என்ன செய்தது? மங்கிய மணியை எத்தனை சதவீதம் வரை பிடித்தமின்றி ஏற்பது, அதற்கு மேல் போனால் குவிண்டாலுக்கு எவ்வளவு பிடிப்பது என்று எழுத்தில் அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் நமது டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் மூழ்கியபோது, மத்தியக் குழு நேரில் வந்து நெல்லின் ஈரத்தைப் பார்த்தது. மாநில அரசு பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பேரிடர் நேரத்தில் அரசே அளந்து, எழுதி, பிறகு பிடிக்கிறது என்றால், தனியார் சந்தையில் மட்டும் பல்லால் கடித்துப் பார்ப்பது எத்தனை நாளைக்கு?

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியவை பல உண்டு. அவற்றைக் கேட்டு மனுக் கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். நம் கையில் உள்ளவற்றை இங்கே சொல்கிறோம்.

முதலாவது, மாய்ஸ்சர் மீட்டர் எனப்படும் ஈரமானி. ஒரு பைக் விலையில் பாதி கூட ஆகாது. நான்கைந்து மண்டிகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், அல்லது சங்கமே இரண்டு வாங்கிச் சந்தையில் வைக்கலாம். பருவத் தொடக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கழிவுக் கணக்கைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, எடை மேடைக்கு அருகே மாட்ட வேண்டும். விற்பவர் கண் முன்னே அளந்து, ஈரம் இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று சீட்டில் குறித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, படுதாவும் களமும். சித்திரை, வைகாசியில் பல அரிசி ஆலைகளின் களம் சில நாட்கள் காலியாகக் கிடக்கும். அந்த நாட்களைச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். சங்கம் நூறு படுதா வாங்கி வைத்து நாள் வாடகைக்கு விட்டால், இரண்டு பருவத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். சாலையில் நனையும் ஒவ்வொரு மூட்டையும் பிறகு நமது சந்தையில் நொய்யாகத்தான் விழுகிறது.

மூன்றாவது, வானிலைப் பலகை. அமெரிக்க வேளாண் துறை ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரந்தோறும் பயிர் நிலை அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாநிலத்தில் எத்தனை பங்கு விதைத்தாயிற்று, எத்தனை பங்கு பூத்தாயிற்று, எத்தனை பங்கு அறுத்தாயிற்று என்று அங்குள்ள தானிய வணிகர் அதில் தெரிந்துகொள்கிறார். நமது பிர்க்காவுக்கு அப்படி வாரம் ஒரு கணக்கு வருவதில்லை. ஆனால் நமக்கு அதைவிட நல்ல செய்தியாளர்கள் இருக்கிறார்கள். கிராமத்திலிருந்து சைக்கிளிலும் டெம்போவிலும் சரக்கு எடுக்க வரும் சிறு கடைக்காரர்கள்தான் அவர்கள். எந்த ஊரில் நெல் பூத்திருக்கிறது, எங்கே கடலை பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள், எந்தக் கிணறு வற்றிவிட்டது என்று அவர்களிடம் கேட்டு வாரம் ஒரு முறை பலகையில் எழுதினால் போதும். அதோடு சென்னை வானிலை மையம் தமிழில் தரும் மாவட்ட வாரியான அறிவிப்பையும் தினமும் மாலையில் எழுதிவிடலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

நான்காவது, கடன் தவணை. சித்திரை முதல் நாளில் பழைய பாக்கியைத் தீர்க்கச் சொல்வது பல கடைகளில் வழக்கம். நவரை தள்ளி நட்ட ஆண்டில் சித்திரை முதல் நாளில் நெல் வயலில்தான் நிற்கும். அன்று பாக்கிக்காக நெருக்கினால், அவர் ஈர நெல்லை அவசரமாக விற்று, குறைந்த விலை வாங்கி, நமக்கும் பாதி கொடுத்து, மீதியை வட்டிக்கு வாங்குவார். அறுவடையைப் பார்த்து வைகாசி பத்து வரை தவணை தந்தால் முழுப் பாக்கியும் வரும் வாய்ப்பு அதிகம். தறிக்காரருக்கும் பாவு வந்த நாளைக் கணக்கிட்டுத் தவணை வைப்பதே பொருத்தம். இதில் இரக்கத்தோடு வியாபாரப் புத்தியும் இருக்கிறது.

ஐந்தாவது, மழைச் செய்தி கேட்டவுடன் பழைய இருப்புக்கு விலை ஏற்றாமல் இருப்பது. புதுக் கொள்முதல் விலை ஏறிய பிறகு விற்பனை விலை ஏறினால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். நேற்று வாங்கி வைத்த புளிக்கு இன்று காலை வானொலிச் செய்தியைக் கேட்டு விலை ஏற்றினால் அவர் மறக்க மாட்டார். பெரிய கடைகள் அலமாரி அலமாரியாகத் திறந்துகொண்டிருக்கும் காலம் இது. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. முகம் பார்த்துக் கடன் கொடுக்கிறோம், முகம் பார்த்து விலை சொல்கிறோம். அந்த ஒன்றையும் ஒரு மழைக்காக விட்டுவிட வேண்டுமா?

எழக்கூடிய கேள்விகள்

மழை நாளில் ஒவ்வொரு மூட்டையையும் அளந்துகொண்டிருந்தால் வண்டி காத்திருக்குமா என்று கேட்பார்கள். எல்லா மூட்டையையும் அளக்கத் தேவையில்லை. ஒரே வயலின் நெல்லில் நான்கைந்து மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து அளந்தால் போதும். ஒரு முறை அளக்கச் சில நிமிடம் ஆகும். கழிவுக்காக நடக்கும் வாக்குவாதம் அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

ஒரு மண்டி அளந்து கழித்து, பக்கத்து மண்டி கடித்துப் பார்த்து விலையைக் கூட்டிச் சொல்லி இழுத்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விலையைக் கூட்டிச் சொல்லி, கழிவில் அதைத் திரும்ப எடுப்பது சந்தைக்குப் புதிதல்ல. அதனால்தான் இதைத் தனிக் கடை முடிவாக விடாமல் சங்கத்தின் முடிவாகக் கொண்டுவர வேண்டும் என்கிறோம். நாலு பேர் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினால், ஐந்தாமவரிடமும் விவசாயி சீட்டுக் கேட்பார்.

மளிகைக் கடைக்காரருக்கு நெல் ஈரம் எதற்கு என்பது கடைசிக் கேள்வி. மேலே சொன்ன 1,600 ரூபாயே அதற்குப் பதில்.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது பழமொழி. அறுவடை முடிந்து, ஒரு நல்ல கோடை மழையில் உழுது, மண் ஆறினால் அடுத்த பட்டம் செழிக்கும் என்பது அதன் பொருள். அறுவடைக்கு முன் வந்து அழித்த அதே மழை, அறுவடைக்குப் பின் வந்தால் தங்கம். மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த ஈரத்தை அளப்பதும், அளந்ததை எழுதுவதும், எழுதியதற்கு மேல் ஒரு கிலோவும் எடுக்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. அடுத்த நவரை அறுவடைக்கு முன் கூடும் சங்கப் பொதுக்குழுவில் ஈரமானியும் கழிவுப் பலகையும் முதல் பொருளாக வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை அதற்கு முன்பே சங்க அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். மாற்றுக் கருத்தானாலும் வரவேற்கிறோம்.